பிறந்தநாளுக்குக் குடுத்த மனு

யாரு காட்டிக்குடுத்தா? நானா? வார்த்தைய அளந்து பேசுங்கக்கா. அந்தக் கவுண்டர்ல நான் பேசுனதுல பாதியக் காதுல வாங்கிக்கிட்டு, மீதிய நீங்களா ரொப்பிக்கிட்டு, பக்கத்துல வந்து உக்காந்து, கட்டுன புருசனையே போலீஸ்ல மாட்டிவிட்டவளான்னு கேட்டா நான் தலையக் குனிஞ்சுக்கணுமா? குனிய மாட்டேன். லா காலேஜ்ல மூணாவது வருசம் படிக்கிறேன். தலையக் குனியிறதுக்கு அங்க பேப்பரே கெடையாது.

மாட்டிவிடல. பரிசு குடுத்தேன். பொறந்தநாள் பரிசு.

சிரிக்காதீங்க. உங்க டோக்கன் எத்தன? நூத்தம்பத்தொண்ணா? எனக்கு நூத்தி நாப்பத்தேழு. இப்பத்தான் நூத்திப் பன்னெண்டு போயிருக்கு. திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குறாங்கன்னா ஊரே இங்கதான இருக்கும். நேரம் கெடக்கு. முழுசாக் கேட்டுட்டு அப்புறம் தீர்ப்பு சொல்லுங்க. அதென்ன, உங்க மனுவுல தேதியே போடல? பட்டால பேரு மாத்தணும்னு வந்திருக்கீங்க, தேதி போடாமக் குடுத்தா அத எந்தக் கட்டுல வைப்பாங்க? இந்தாங்க பேனா. போடுங்க. மேல, வலது பக்கம்.

எங்க வீட்டுக்காரரு பேரு அமல்தாஸ். கவர்ன்மென்ட் ஸ்கூல்ல லேப் அசிஸ்டென்ட். பரீட்சை எழுதி வாங்குன வேல. ரெண்டு வருசப் புரொபேஷன் இன்னும் முடியல, இந்த மார்ச் வந்தா முடியும். அதுக்குள்ள ஒரு கேஸ், ஒரு புகார், ஒரு கெட்ட பேரு வந்துச்சுன்னா அவ்வளவுதான், வீட்டுக்கு அனுப்பிருவாங்க. அத மனசுல வச்சுக்கோங்க. ஏன்னா அத நான் மனசுல வச்சுக்கிட்டுத்தான் எல்லாம் செஞ்சேன். இல்லன்னு நெனச்சுராதீங்க.

அவருக்கு ஒரு பழக்கம் இருக்கு. குடிப் பழக்கம் இல்லக்கா, நீங்க வேற. ஒயின் போடுற பழக்கம். எங்க ஆளுங்க கிறிஸ்மஸுக்கு எல்லா வீட்டுலயும் ஒரு ஜாடி போடுவாங்க, கேக்கோட ஆளுக்கு ஒரு டம்ளர். மத்தவங்க ஒரு ஜாடியோட நிறுத்திக்குவாங்க. இவரு நிறுத்தல. பன்னீர் திராட்சைல ஒண்ணு, நெல்லிக்காய்ல ஒண்ணு, இஞ்சி போட்டு ஒண்ணு. சீனி எவ்வளவு, ஈஸ்ட் எவ்வளவு, கோதுமை எத்தன பிடி, அன்னைக்கு வெயிலு எப்படின்னு ஒரு நோட்டு. பசங்க ரெக்கார்டு நோட்ட விட சுத்தமா இருக்கும், படம் கூட வரஞ்சிருப்பாரு. தெனம் காலைல ஸ்கூலுக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி மரக்கரண்டியால கிண்டிவிட்டு, துணியக் கட்டி, ஜாடியில காத வச்சுக் கேப்பாரு. உள்ள நுர வர்ற சத்தம் கேக்கணுமாம். எனக்கு நெஞ்சுல காத வச்சுக் கேட்டது கெடையாது, ஜாடிக்குக் கேப்பாரு. அவரு குடிக்கிறது வருசத்துக்கு ரெண்டு டம்ளர் இருக்கும். மத்தவங்க குடிக்கும்போது மூஞ்சியப் பாப்பாரு, அதுதான் அவருக்குப் போத.

சரி. பொறந்தநாள் வருதுல்ல, என்ன குடுக்கலாம்னு ஒரு மாசமா மண்டையப் பிச்சுக்கிட்டேன். கல்யாணமாகி முதல் வருசம் சட்ட எடுத்துக் குடுத்தேன், ரெண்டாவது வருசமும் சட்ட. மூணாவது வருசமும் சட்டன்னா அவருக்கு நானா ஜவுளிக்கடையா? ஆன்லைன்ல பாத்தா, கண்ணாடிக் குடுவ வருது, கார்க் அடிக்கிற மெஷின் வருது, சாறுல இனிப்பு எவ்வளவு எறங்கியிருக்குன்னு பாக்குற மெதக்குற குழாய் வருது. குடுவ ஸ்கூல் லேப்ல ஒடஞ்சத ஒட்டி அவரே வச்சிருக்காரு. காத்து வெளிய போறதுக்கு சலைன் டியூப மாட்டி, மறுமுனையத் தண்ணி பாட்டில்ல விட்டு, அதெல்லாம் அவரே செஞ்சுக்குவாரு. கடைல வாங்கிக் குடுத்தா, நல்லாருக்குன்னு சொல்லி அலமாரில வச்சுருவாரு. எனக்குத் தெரியும்.

கடைசில அவருகிட்டயே கேட்டேன். ஜாடிய மூடிக்கிட்டு இருந்தாரு. அடுப்படி ஜன்னல் சாத்தியிருந்துச்சு. எப்பவும் சாத்தித்தான் இருக்கும், கிண்டும்போது வாட கெளம்பும்ல, எதிர்வீட்டுக்காரரு ரிட்டயர்டு ஏட்டு. வேர்த்து வழியுது. அப்ப சொன்னாரு.

"ஒரே ஒரு தடவ ஜன்னலத் தொறந்து வச்சுக்கிட்டு கிண்டணும் ஜெசி. அது போதும் எனக்கு."

வெளையாட்டாத்தான் சொன்னாரு. ஆனா எனக்கு அது உள்ள போயி உக்காந்துருச்சு. ஒரு மனுசன் தன் வீட்டுக்குள்ள, தன் திராட்சையக் கிண்ட, திருடன் மாதிரி ஜன்னலச் சாத்துறாரு. நான் சட்டம் படிக்கிறேன். நான் பொண்டாட்டி. அப்ப நான் எதுக்கு இருக்கேன்?

மதுவிலக்குச் சட்டத்த எடுத்துப் படிச்சேன். அனுமதி வாங்காம மது தயாரிக்கக் கூடாதுன்னு இருக்கு. அனுமதி வாங்காமன்னா அனுமதின்னு ஒண்ணு எங்கயோ இருக்குன்னுதான? யாராவது போயிக் கேட்டிருக்காங்களா? கிறிஸ்மஸுக்கு ஜாடி போடுற இத்தன வீட்டுல ஒரு வீடு போயி, ஐயா நாங்க விக்கிறதுக்கில்ல, வீட்டுக்குத்தான், ஒரு அனுமதி குடுங்கன்னு கேட்டிருக்கா? ஒருத்தரும் கேக்கல. கேக்காம ஜன்னலச் சாத்திக்கிட்டாங்க. அதான், நான் கேட்டேன்.

நாலு பக்கம் எழுதுனேன். அப்படி ஒரு மனு இந்த ஆபீஸ்ல எவனும் குடுத்திருக்க மாட்டான். உண்மைய மட்டுந்தான் எழுதுனேன். எத்தன ஜாடி, எத்தன லிட்டர், அடுப்படில எந்த மூலைல இருக்கு, எப்பத்துலேந்து போடுறாரு, எல்லாம். நோட்டுல பன்னெண்டு பக்கத்த ஜெராக்ஸ் எடுத்து இணைப்பு ஒண்ணு. ஜாடி போட்டோ இணைப்பு ரெண்டு. அவரு என்ன வேல பாக்குறாருன்னும் எழுதுனேன், அரசு ஊழியருன்னா ஒரு மரியாத இருக்கும்ல.

என்னக்கா, ஏன் வாயில கைய வைக்கிறீங்க? மனுன்னா முழு விவரம் வேணும். மறச்சு எழுதுனாத் தள்ளுபடி. உங்களுக்கென்ன தெரியும், தேதியே போடத் தெரியல.

போன மாசக் கடைசித் திங்கக்கெழம குடுத்தேன், இதே ஹால்ல. கலெக்டர் மேடம் வாங்கி, ஒரு தடவ புரட்டிப் பாத்துட்டு, பக்கத்துல இருந்தவருகிட்ட நீட்டிட்டாங்க. ஒப்புகைச் சீட்டு குடுத்தாங்க, நம்பரோட. அந்தச் சீட்டத்தான் நான் பரிசா வச்சேன். அனுமதி வர மாசக்கணக்காகும், பொறந்தநாளு காத்துக்கிட்டு இருக்குமா? பளபளன்னு கலர் பேப்பர் சுத்தி, ரிப்பன் கட்டி, காலைல கோயிலுக்குப் போயிட்டு வந்ததும் கையில குடுத்தேன். கூடவே மனுவோட நகலும்.

அவரு சிரிச்சுக்கிட்டுத்தான் பிரிச்சாரு. படிச்சாரு. திருப்பிப் படிச்சாரு. மூணாம் பக்கத்துல வெரல வச்சுக்கிட்டே ரொம்ப நேரம் நின்னாரு. எனக்கு என்ன தோணுச்சுன்னா, மனுசன் நெகிழ்ந்துட்டாரு, வார்த்த வரலன்னு. அப்புறம் கேட்டாரு.

"இதுல நம்ம வீட்டு அட்ரஸ் இருக்கா?"

அட்ரஸ் இல்லாம மனு எப்படிங்க குடுப்பாங்கன்னு கேட்டேன். அவரு பாத்ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்துனாரு. கேக்கு வெட்டல அன்னைக்கு.

நாலு நாள் கழிச்சு எனக்கு எஸ்எம்எஸ் வந்துச்சு. உங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக மதுவிலக்கு காவல் பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது. அவ்வளவுதான். அனுமதி கேட்ட மனுவ, போயிப் பிடிங்கன்னு அனுப்பிட்டானுங்க. எந்தப் புண்ணியவான் படிச்சானோ. மது, வீடு, லிட்டர், இந்த மூணையும் பாத்திருப்பான், புகாருன்னு ஒரு டிக்கு அடிச்சிருப்பான். மேல கொட்ட எழுத்துல, பொருள்: அனுமதி கோருதல்னு எழுதியிருக்கேன். அடிக்கோடு வேற. அத விட்டுட்டுப் படிச்சா அது என் தப்பா?

அன்னையிலேந்து வீட்ட நீங்க பாக்கணும். புல்லட் வண்டி ஒண்ணு தெருவுல போனாப் போதும், சோத்துல கைய வச்சபடி அப்படியே நின்னுருவாரு. நான் தைரியம் சொன்னேன். ஒரு விசயத்தத் தெரிஞ்சுக்கிட்டாப் பயம் போயிரும்ல, அதனால வரிசையாச் சொன்னேன். முதல்ல வந்து பாப்பாங்க, பறிமுதல் பண்ணுவாங்க, எஃப்ஐஆர் போடுவாங்க, மாஜிஸ்திரேட்டுகிட்ட கூட்டிட்டுப் போவாங்க, ரிமாண்டுன்னா பதினஞ்சு நாளு, நாப்பத்தெட்டு மணி நேரம் உள்ள இருந்தாலே தானா சஸ்பெண்டு. பொறுமையாத்தான் சொன்னேன். அவரு எந்திரிச்சுப் போயி ஒரு பையில ரெண்டு லுங்கி, துண்டு, பிரஷ்ஷு, கேஸ் மாத்தர எல்லாத்தையும் எடுத்து வச்சு, கதவுக்குப் பின்னாடி மாட்டிட்டாரு. இன்னமும் அங்கதான் தொங்குது. தைரியம் சொன்னா இப்படியா பண்ணுவாரு ஒரு ஆளு?

கொட்டிருவோம்னாரு. பதினெட்டு லிட்டரையும் சாக்கடைல ஊத்திருவோம் ஜெசின்னு கெஞ்சுனாரு. நான் விடல. ஊத்துனா தெருவே மணக்கும், அது ஒண்ணு. ரெண்டாவது, விசாரணைல இருக்கிற பொருள அழிச்சா அது சாட்சியத்த அழிச்ச குத்தம், தனி செக்ஷன். ஒரு கேஸு ரெண்டாயிரும். படிச்சவ சொல்றேன், தொடாதீங்கன்னேன். அதனால அந்த மூணு ஜாடியும் அப்படியே இருக்கு. அவரு இப்ப கிண்டுறது இல்ல, காது வைக்கிறது இல்ல, அடுப்படிப் பக்கமே வர்றது இல்ல. எனக்குத்தான் சத்தம் கேக்குது. தோசக்கல்லுல மாவ ஊத்திட்டு நின்னா பக்கத்துல முணுமுணுன்னு. மூணும் சேந்து எதையோ சொல்லிக்கிட்டே இருக்குற மாதிரி.

வெள்ளிக்கெழம போன் வந்துச்சு. ஒரு எஸ்ஐ. புகார்தாரர் ஜெசிந்தாங்களான்னு கேட்டாரு. மனுதாரர்னு திருத்துனேன். சரிம்மா, யாரு காச்சுறதுன்னாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். சார், காச்சுறது வேற, இது ஊற வச்சுப் புளிக்க வைக்கிறது, அடுப்பே கெடையாது, ரெண்டையும் ஒண்ணாச் சொல்லாதீங்கன்னேன். அப்படியா, எத்தன நாளாப் புளிக்க வைக்கிறாருன்னாரு. கல்யாணத்துக்கு முன்னாடியேன்னேன். இப்ப எத்தன லிட்டர் இருக்குன்னாரு. பதினெட்டுன்னேன்.

பின்ன, போலீஸ்கிட்ட பொய் சொல்லச் சொல்றீங்களா?

செவ்வாக்கெழம வர்றோம்மா, வீட்டுல இருங்கன்னாரு. செவ்வாக்கெழமன்னா நாளைக்கு. அதான் இன்னைக்கு இங்க வந்திருக்கேன். புரிஞ்சுச்சா? நாளைக்குக் காலைல அந்த ஜீப்பு எங்க தெருவுக்குள்ள வந்துச்சுன்னா முடிஞ்சுச்சு. ஏட்டு வாசல்ல சேர் போட்டு உக்காந்து பாப்பாரு. அதுக்குள்ள இந்த ஆபீஸ் ஒரு தாளுல, இது புகார் இல்லன்னு எழுதிக் குடுக்கணும்.

எனக்குப் பயமெல்லாம் இல்ல. தண்ணி வேணாம், இருக்கட்டும்.

காலைல வாசல்ல என்ன நடந்துச்சுன்னு பாத்தீங்கல்ல, எனக்குப் பின்னாடிதான நின்னீங்க? மண்ணெண்ண கொண்டு வந்து ஊத்திக்கிறாங்கன்னு பாட்டில எல்லாம் மோந்து பாத்து விடுறாங்கள்ல. என் பையிலயும் ஒரு பாட்டில் இருந்துச்சு. ஆமா, அதான். கலெக்டர் மேடம் மோந்து பாத்தாலே தெரியும், இது சாராயம் இல்ல, திராட்சைன்னு. சாம்பிள் ஒண்ணு வேணும்ல, கேஸுன்னா பொருளக் காட்டணும். அந்தப் பொம்பளப் போலீஸு தொறந்து மோந்தாங்க. என் மூஞ்சியப் பாத்தாங்க. திருப்பி மோந்தாங்க. அந்தம்மா மூடிய இறுக்கி மூடி, மேசைக்குக் கீழ அந்த மண்ணெண்ண பாட்டிலுங்களோட சேத்து வச்சுட்டு, மெதுவா, இது இங்கயே இருக்கட்டும், நீ உள்ள போன்னாங்க. நான், பறிமுதல்னா ரசீது குடுங்கன்னேன். போ தாயின்னாங்க. இது என்ன நடைமுறை? ரசீது இல்லாம எப்படி? நீங்க சொல்றீங்க, அந்தம்மா என்னையக் காப்பாத்துனாங்கன்னு. நான் கேட்டேனா காப்பாத்துங்கன்னு? ரசீதுதான கேட்டேன்.

கவுண்டர்ல நடந்தது இதுதான், நீங்க பாதி கேட்டது. முதல்ல மனுவத் திரும்ப வாங்கணும்னேன். குடுத்தத வாங்க முடியாதாம். அந்தக் கிளார்க்கு நல்ல மாதிரிதான், கண்ணாடியக் கழட்டி வச்சுட்டு என்கிட்ட ரகசியமாச் சொன்னாரு. ஒரு வெள்ளத் தாளுல, குடும்பத் தகராறுல கோவத்துல எங்க வீட்டுக்காரரு மேல பொய்யாப் புகார் குடுத்துட்டேன், சமாதானம் ஆயிட்டோம், மேல் நடவடிக்க வேணாம்னு எழுதிக் கையெழுத்துப் போடு, நான் இன்னைக்கே அனுப்பி வச்சிர்றேன், தெனம் இப்படிப் பத்து வருது, எவனும் வீட்டுக்கு வர மாட்டான்னாரு.

பொய்யாப் புகார். நான். கோவத்துல. நாலு பக்கம், ரெண்டு இணைப்பு, அடிக்கோடு. பொய்யாப் புகாராம்.

மாட்டேன்னேன். சத்தமாத்தான் சொன்னேன், அதான் உங்களுக்குக் கேட்டுச்சு.

போடலாம்லன்னு நீங்களும் சொல்றீங்க. அவரும் அதான் சொல்றாரு. ஆமா, அவரும் வந்திருக்காரு. அந்தா, கதவு ஓரத்துல தூணோட ஒட்டிக்கிட்டு ஹெல்மெட்டோட நிக்கிறாருல்ல, அவருதான். யாரும் பாத்துருவாங்கன்னு கழட்டவே இல்ல. ஹாலுக்குள்ள ஹெல்மெட்டு போட்டுக்கிட்டு நின்னா, எல்லாரும் அவரத்தான் பாக்குறாங்க, அது புரியல அவருக்கு. வர்ற வழில பெட்ரோல் பங்கு கிட்ட வண்டிய நிறுத்திட்டு, கண்ணாடிய மட்டும் தூக்கிவிட்டுச் சொன்னாரு.

"என்னைய ஜெயிக்க வைக்க வேணாம் ஜெசி. வீட்டுல இருக்க வையி. கையெழுத்துதான, போட்டுரு."

என்ன பேச்சு இது? பொய்யின்னு நான் எழுதிக் குடுத்தா நாளைக்கு என் வாய எவன் நம்புவான்? எந்தக் கோர்ட்ல போயி நிப்பேன்? நான் கறுப்புக் கோட்டு போடப்போறவ. அவருக்காகத்தான இவ்வளவும் செஞ்சேன்? அவருக்கு அந்த ஒரு வேண்டாத கையெழுத்து பெருசாப் போச்சு, என் நாலு பக்கம் சிறுசாப் போச்சு. மூணு வாரமா என்கிட்ட சரியாப் பேசுறது இல்ல. சோத்தப் போட்டா சாப்பிடுறாரு, தட்டக் கழுவி வச்சுர்றாரு. திட்டுனாக் கூடப் பரவால்ல, எனக்குத் திருப்பித் திட்டத் தெரியும். இப்படி இருந்தா நான் எதுக்குன்னு பதில் சொல்றது?

அந்த வெள்ளத் தாளு என்கிட்டத்தான் இருக்கு. மடிச்சு வச்சிருக்கேன். கிளார்க்கு கையில திணிச்சுட்டாரு. அதுல நான் ஒண்ணும் எழுதல. எழுத மாட்டேன். நாளைக்கு ஜீப்பு வந்தா... வராது. மேடம் பதில் சொல்லிட்டா வராது.

நூத்தி நாப்பத்தாறு போயிருச்சா? அதுக்குள்ளயா? இடையில யாரும் வரலயா? சரி. சரி. இந்தப் பையக் கொஞ்சம் பிடிங்கக்கா. மைக்கு முன்னாடி போயித்தான் பேசணுமா? அந்த ஓரத்துல கேமராவோட நிக்கிறது யாரு, பேப்பர்காரங்களா? நிக்கட்டும். நல்லதுதான், நாலு பேருக்குத் தெரியட்டும். நீங்க என் கையப் பிடிக்காதீங்க, விடுங்க. அவரு பாருங்க, தலைய ஆட்டுறாரு. சரி போன்னு ஆட்டுறாரு. ஹெல்மெட்ல சரியாத் தெரியல, ஆனா அப்படித்தான் இருக்கும்.

நாந்தான் நூத்தி நாப்பத்தேழு. வர்றேன்.

வணக்கம் மேடம். என் பேரு ஜெசிந்தா. கணவர் பேரு அமல்தாஸ், ஆண்கள் அரசு மேல்நிலைப் பள்ளில லேப் அசிஸ்டென்ட். அந்தோணியார் கோயில் தெரு, கதவு எண் பதினேழு. இல்ல மேடம், உக்காரல, நின்னே பேசுறேன். மனு நம்பர் இதுல இருக்கு. சார், மைக்கக் கீழ எறக்காதீங்க, எல்லாருக்கும் கேக்கட்டும். எங்க வீட்டு அடுப்படில மூணு ஜாடில பதினெட்டு லிட்டர் ஒயின் இருக்கு. எங்க வீட்டுக்காரரு போட்டது. அத மறைக்கிறதுக்கு நான் இங்க வரல. அதுக்கு அனுமதி கேட்டுத்தான் இதே ஹால்ல, உங்க கையில, நாலு பக்கம் எழுதிக் குடுத்தேன். நீங்க வாங்குனீங்க மேடம். நீங்க புரட்டுனீங்க. அத வாங்கிப் போலீஸுக்கு அனுப்பிட்டு, இப்பப் பொய்யின்னு எழுதிக் குடுன்னா என்ன நியாயம்? கூடாதுன்னா கூடாதுன்னு சொல்லுங்க, கேட்டுக்கிறேன், வீட்டுக்குப் போயி நானே கொட்டுறேன். ஆனா நாளைக்கு ஜீப்பு வரக்கூடாது. எனக்குப் பயமா இருக்கு மேடம், ஆமா, பயந்தான், அதுக்காக நிறுத்த மாட்டேன். தனியா ரூமுக்கெல்லாம் வர மாட்டேன் சார், கைய எடுங்க. இத்தன பேரு மனுவோட உக்காந்திருக்காங்க, இவங்களும் தெரிஞ்சுக்கட்டும். நான் குடுத்தது கோரிக்கையா, இல்ல என் புருசனுக்கு எதிரா நானே குடுத்த வாக்குமூலமா? மேடம், பக்கத்துல இருக்குறவர்கிட்ட குனிஞ்சு பேசாதீங்க. என்னையப் பாத்துச் சொல்லுங்க. இந்த மைக்குலயே சொல்லுங்க.